மாஸ்டர் நேத்து என் கனவுல வந்தார்

ஊரே உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கடைத்தெருவில் போகிறவர் திடீரென்று நிற்பார். இரண்டு கையையும் முகத்துக்கு நேரே தூக்கி விரல்களை எண்ணுவார். "இது கனவா, நனவா?" என்று தன்னையே கேட்டுக்கொள்வார். விரல் சரியாக இருந்தால் நனவு, கூடக்குறைய இருந்தால் கனவு. நனவுதான் என்று உறுதியானதும் நடையைக் கட்டுவார். அவர் முதுகில் வந்து மோதினவர், மோதினது மோதினதுதான் என்று தானும் விரலை எண்ண ஆரம்பிப்பார். வங்கியில் காசாளர் நோட்டை அப்படியே வைத்துவிட்டு விரலை எண்ணினார். பல் டாக்டர் எண்ணினார். வாயைப் பிளந்துகொண்டு கிடந்த நோயாளியும் சேர்ந்து எண்ணினார்.

எல்லாம் கனவு மாஸ்டர் செய்த புண்ணியம். மாஸ்டர் முன்பு மெத்தைக் கடை வைத்திருந்தார். அப்போது காசு வாங்கினால் மெத்தையாவது கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது அதுவும் இல்லை. மனிதன் முன்னேறிவிட்டான்!

"பகலில் விழிப்போடு இருந்து பழகுங்க. அந்தப் பழக்கம் ராத்திரியும் தொடரும். இது கனவுதான்னு கனவுக்குள்ளேயே தெரிஞ்சிடும். அப்புறம் பறக்கலாம், நினைச்ச இடத்துக்குப் போகலாம்" என்பார் மாஸ்டர். இதுவரைக்கும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பழகினால் சிலருக்கு அப்படி வரத்தான் செய்கிறது. அதற்கு மாஸ்டரும் வேண்டாம், காசும் வேண்டாம். ஆனால் இதோடு நிறுத்தினால் அவர் பிழைப்பு என்னாவது? அதனால் ஒரு வாலைச் சேர்த்துக்கொண்டார். "கட்டணம் கட்டினவங்க கனவுல நானே நேர்ல வருவேன். செத்துப்போனவங்களைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வருவேன்."

கனவில், நேரில்! கேட்டவர்களில் ஒருவருக்காவது சிரிப்பு வரவேண்டுமே? ஊஹூம். வரிசைதான் வந்தது.

அந்த வரிசையில் ஒரு பஸ் டிரைவர். அவர் அம்மா இறந்தபோது அவர் பஸ்ஸில் இருந்தார். ஓடி வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "அம்மாகிட்ட ஒரே ஒரு வார்த்தை பேசணும்" என்பதுதான் அவர் ஆசை. அவர் மனைவி ரொட்டி கம்பெனியில் ராத்திரி ஷிப்ட். தெருவில் எல்லோருக்கும் அவள் ரொட்டிக்காரி. வாய்க்கொழுப்பு கொஞ்சம் ஜாஸ்தி. ஆனாலும் இந்த விஷயத்தில் மட்டும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தாள். மூலையில் உட்கார்ந்து அழுவதற்கு, கையைப் பார்த்துக்கொண்டு இருப்பது தேவலை என்று நினைத்தாள்.

ஒருநாள் காலை ஷிப்ட் முடிந்து புருஷன் ஓட்டுகிற பஸ்ஸிலேயே ஏறினாள். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. ஹாரன் கேட்கும்போதெல்லாம் கையைப் பார்க்க வேண்டும் என்பது டிரைவருக்கு மாஸ்டர் கொடுத்திருந்த தனிப் பாடம். டிரைவர் சொன்ன பேச்சுத் தட்டாதவர். இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தார். முகத்துக்கு நேரே தூக்கினார். எண்ணினார்.

பஸ் தன் பாட்டுக்கு நடைபாதையில் ஏறியது.

"ஏங்க! ஸ்டியரிங்! பிரேக்கைப் போடுங்க!"

போட்டார். நிறுத்தத்தில் தள்ளுவண்டியும் கைக்குழந்தையுமாக நின்ற பெண்ணுக்கு ஒரு முழம் முன்னால் பஸ் நின்றது.

டிரைவர் திரும்பி மனைவியைப் பார்த்து, "ஒண்ணும் பயப்படாதே, நனவுதான். விரலெல்லாம் சரியா இருக்கு" என்றார்.

"உங்களுக்குச் சரியா இருக்கு. அந்தக் குழந்தைக்கு இருந்திருக்குமா?"

வீட்டுக்கு வந்து படுத்தும் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. இன்று தப்பிவிட்டது. நாளைக்கு எந்தத் தெருவில் எந்தக் குழந்தையோ! டிரைவர் வேலை முடிந்து வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"இவ்வளவு பண்றீங்களே, அந்த ஆளு ஒரு தடவையாவது கனவுல வந்தாரா?"

"வந்தாராம். எனக்குத்தான் ஞாபகம் இல்லை."

"உங்க கனவுல வந்தது உங்களுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியுமாக்கும்?"

"கேலி பண்ணாதேம்மா. அம்மாவை ஒரு தடவை பார்த்துட்டா எல்லாத்தையும் விட்டுடறேன்."

அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்குக் கோபம் புருஷன்மேல் இல்லாமல் போய்விட்டது. "சரி, ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு நானும் வரேன். அவர் சொல்றது புளுகுன்னு உங்க காதாலேயே கேட்டுட்டா, பஸ்ஸுல கையை எடுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க." டிரைவர் சத்தியம் செய்தார். மாஸ்டர்மேல் அவ்வளவு நம்பிக்கை!

ஞாயிற்றுக்கிழமை காலை, வாடகை மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடையில் மாஸ்டர். பக்கத்தில் காணிக்கைப் பெட்டி. ஒவ்வொருவராக எழுந்து கனவைச் சொன்னார்கள். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"கறுப்பு நாய் ஒண்ணு துரத்திச்சு மாஸ்டர்."

"நாயா வந்தது நான்தான்."

"மாமனார் செருப்பால அடிச்சார்."

"தடுத்தது நான்தான்."

"எனக்குக் கனவே வரலை மாஸ்டர்."

"வந்தேன். நீங்கதான் மறந்துட்டீங்க."

இப்படி ஒரு பரீட்சை இருந்தால் யார்தான் தோற்பார்கள்?

டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரொட்டிக்காரி எழுந்தாள். கம்பெனியிலிருந்து நேராக வந்திருந்தாள். சட்டைக் கையில் மாவு ஒட்டியிருந்தது. "மாஸ்டர், நேத்து ராத்திரி என் கனவுல ஒரு பெரிய ஆறு. அக்கரையில வெள்ளை உடுப்புல ஒருத்தர் நின்னார். நீங்களா?"

மாஸ்டர் கண்ணை மூடினார். "நான்தான்மா. நீங்க முகத்தைச் சரியா பார்க்கலை."

"பக்கத்துல யாரோ ஒரு அம்மா..."

"உங்க மாமியார்தான். மகன் சௌக்கியமான்னு கேட்டாங்க. அவங்க கண்ணு கலங்கியிருந்துச்சு."

மண்டபமே உச்சுக்கொட்டியது. டிரைவர் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினார். அதைப் பார்த்த ரொட்டிக்காரி மனசுக்குள் கறுவினாள். அடப்பாவி, செத்தவளை வைத்தா விளையாடுகிறாய்!

முன்வரிசையில் ரொட்டி கம்பெனி சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தார். மாஸ்டரின் பரம சீடர். அவரைக் கூப்பிட்டாள். "சார், கொஞ்சம் எழுந்திரிங்க. நேத்து ராத்திரி நான் எங்கே இருந்தேன்?"

சூப்பர்வைசர் பழக்கதோஷத்தில் விரலை எண்ணிவிட்டுச் சொன்னார். "கம்பெனியிலதான். அடுப்புக்கிட்ட."

"நடுவுல கொஞ்சம் கண்ணசந்தேனா?"

"கண்ணசர்றதா? நான் விட்டுடுவேனா? என் ஷிப்ட்ல ஒருத்தர் தூங்கிட முடியுமா? விடிஞ்சு நேரா ரெண்டு பேரும் இங்கேதானே வந்தோம்!" மார்தட்டிச் சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. மெதுவாக உட்கார்ந்தார்.

"நான் தூங்கவே இல்லை. ஆறும் இல்லை, அக்கரையும் இல்லை. எல்லாம் நானே கட்டின கதை. தூங்காதவ கனவுக்குள்ள இவர் எந்தக் கதவைத் திறந்துக்கிட்டு வந்தாராம்?"

எல்லோரும் மேடையைப் பார்த்தார்கள். மாஸ்டர் லேசுப்பட்ட ஆளா? சிரித்தார். "முழிச்சிருக்கிறதா நினைக்கிறீங்களேம்மா, அதுதான் அறியாமை. இப்ப நடக்கிற இதுதான் கனவு! நான் சொன்னபடி வந்துட்டேன், பாருங்க!"

பின்வரிசையில் இரண்டு பேர் கைதட்டிக்கூட விட்டார்கள்.

"அப்படியா? கனவுதானே? அப்ப சரி." ரொட்டிக்காரி மேடையேறினாள். காணிக்கைப் பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். விறுவிறுவென்று வாசலைப் பார்த்து நடந்தாள்.

"ஏய்! பெட்டியை வை! பிடிங்க அவளை! பட்டப்பகல்ல கொள்ளையடிக்கிறாளே!"

அவள் நின்று திரும்பினாள். "பதறாதீங்க மாஸ்டர். விரலை எண்ணிப் பாருங்க."

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. பிறகு மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மாஸ்டர் பின்வாசல் வழியாக நழுவியிருந்தார். அவள் பெட்டியை வாசல் மேஜையில் வைத்து, "அவங்கவங்க போட்டதை அவங்கவங்க எடுத்துக்குங்க" என்றாள். அப்போதும் ஒரு மகானுபாவர் பக்கத்திலிருந்தவரிடம், "அடுத்த வாரம் வகுப்பு உண்டுதானே?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

டிரைவர் வெளியே வந்து தெருமுனை வரைக்கும் அவள்கூட நடந்தார். அப்புறம், "அப்ப அம்மா கேட்டது..." என்று இழுத்தார்.

"அவங்க கேட்கலைங்க. அந்த ஆளு கேட்டது. அம்மா கனவுல வந்தா வரட்டும், உங்க மனசுல இருக்கிறவங்கதானே? கூட்டிட்டு வர ஒருத்தன் எதுக்கு?"

மறுநாள் காலை பஸ்ஸில் அவள் முன் இருக்கையில் உட்கார்ந்து வந்தாள். பின்னால் ஹாரன் அடித்தது. டிரைவரின் விரல்கள் ஒரு கணம் துடித்தன. கை ஸ்டியரிங்கை விட்டு அசையவில்லை. நிறுத்தத்தில் தள்ளுவண்டியோடு நின்ற பெண், இவரைப் பார்த்ததும் முன்ஜாக்கிரதையாகச் சுவரோரம் ஒதுங்கிக்கொண்டாள்.

விரலை எண்ணினது போதும் மகாஜனங்களே! ஏமாற்றுகிறவன் கனவில் வருவதே இல்லை. நீங்கள் கண்ணை நன்றாகத் திறந்து வைத்திருக்கும்போதுதான், உங்கள் எதிரிலேயே வந்து நிற்கிறான். அப்போதாவது கொஞ்சம் முழித்துக்கொள்ளக் கூடாதா?