சக்கரம் கழற்றிய வீடு

மதிப்பிற்குரிய மச்சான் ஓடிஸ் அவர்களுக்கு,

கென்டக்கியிலிருந்து வெர்லின் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கை இமோஜினும் அவளுடைய மூட்டுவலியும் சுகமாக இருக்கிறோம். ஓஹாயோவில் உங்கள் முதுகு சொன்ன பேச்சைக் கேட்கிறது என்று நம்புகிறேன்.

முதலில் நன்றி. கார்லைல் விற்கிற வீட்டை, அதுதான் ஆலையில் இரண்டு பாதியாகச் செய்து லாரியில் இழுத்து வந்து நிறுத்திய வீட்டை, அவசரப்பட்டு அங்கே இங்கே புரட்டி ரொக்கத்துக்கு வாங்கப் போன என்னை நீங்கள்தான் போனில் பிடித்து நிறுத்தினீர்கள். "மாப்ளே, பட்டாளத்துல இருந்தவன்தானே நீ? அரசாங்கம் பொறுப்பேத்துக்குற கடன்ல வாங்குய்யா. வீட்டுக்கு அடியில கூட ஆள் விட்டுப் பாப்பாங்க" என்றீர்கள். கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடு மாறி மாறி அலுத்துப்போனவள் உங்கள் தங்கை. "இனிமே ஒரு பெட்டி கட்டமாட்டேன். இங்கேருந்து நேரா கல்லறைக்குத்தான்" என்று சொல்லிவிட்டாள். கடன் கிடைக்காமல் இந்த வீடும் கைவிட்டுப் போனால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று எனக்குத் தூக்கமே இல்லை.

சோதனைக்கு வருகிறார்கள் என்றதும் பட்டாள ஞாபகம் வந்துவிட்டது. விற்கிறவனின் வீடு என்றும் பாராமல், காசைப் போட்டால் துள்ளுகிற மாதிரி கட்டில் விரிப்பை இழுத்துக் கட்டினேன், கார்லைலின் பூட்ஸுக்கு மெருகு போட்டு வரிசையாக வைத்தேன், இமோஜின் பிளாக்பெர்ரிப் பலகாரம் சுட்டாள். கறையான் பார்க்க வந்தவர் அதைத் தின்றுவிட்டுக் கறையான் இல்லை என்றார். கிணற்றுத் தண்ணீரும் தேறியது. வெளிச்சுவரில் வீட்டின் பாதிக்கு ஒன்றாக இருக்கவேண்டிய, அரசாங்க முத்திரை போட்ட சிவப்புத் தகடுகளைக் காணோம் என்று மதிப்பு போட வந்தவர் கைவிரிக்க, நான் ரோஜாக் கொடிக்குள் கையை விட்டு, முள் கிழித்த ரத்தத்தோடு இரண்டையும் காட்டினேன். அஸ்திவாரம் பார்க்க வந்த இன்ஜினியர் மிஸ் புரூவர் மட்டும் கட்டிலையும் பார்க்கவில்லை, பூட்ஸையும் பார்க்கவில்லை. குப்புறப் படுத்து நேராக வீட்டுக்கு அடியில் போய்விட்டார். கூடவே கார்லைலின் நாயும் போனது.

தலையெல்லாம் ஒட்டடையோடு வெளியே வந்தவர், "சார், இது வீடு இல்ல. வண்டி" என்றார்.

"என்னம்மா சொல்றீங்க? உள்ள ரெண்டு பாத்ரூம் இருக்கே!"

"இருக்கட்டுமே. அச்சு இருக்கு, சக்கரம் இருக்கு, இழுக்குற கொக்கியும் இருக்கு. மண்ணோட புடிச்சு நிறுத்த ஒரு கம்பி இல்ல. இப்படியே இருந்தா நான் கையெழுத்துப் போட முடியாது."

இமோஜின் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கார்லைலோ, "சக்கரத்தைக் கழட்டிட்டா, நாளைக்கு வெள்ளம் வந்தா எப்படி ஓட்டிட்டுப் போறதாம்?" என்று தகராறு பண்ணினான். அந்த அம்மாள் கோபிக்கவே இல்லை. எதைக் கழற்ற வேண்டும், எங்கே கான்கிரீட் போட வேண்டும், எங்கெங்கே கம்பி கட்ட வேண்டும் என்று சாக்குக்கட்டியால் சுவரிலேயே வரைந்து காட்டினார். மிச்சப் பலகாரத்தைக் கொடுத்து இமோஜின் கார்லைலை வழிக்குக் கொண்டுவந்தாள். வேலை முடிந்ததும் மிஸ் புரூவர் மறுபடி படுத்து, தட்டி, ஆட்டிப் பார்த்து, "இனிமே யார் வந்து இழுத்தாலும் இது அசையாது" என்று கையெழுத்துப் போட்டார். இமோஜின் அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், உங்களிடம் மறைப்பானேன்.

எல்லாம் நீங்கள் சொன்ன ஒரு வார்த்தையால் நடந்தது. கர்த்தர் உங்கள் முதுகையும் குடும்பத்தையும் நிமிர்த்தி வைக்கட்டும்.

நன்றி மறவாத,
வெர்லின்

பி.கு.: உறையை ஒட்டப் போனபோது நில அளவைக்காரர் வந்துவிட்டார். வீட்டின் வடக்கு மூலை எல்லைக்கல்லைத் தாண்டி நாலடி பக்கத்து நிலத்தில் நிற்கிறதாம். பக்கத்து நிலம், உங்கள் அப்பா உங்கள் பேருக்கு எழுதிவைத்தது. வீட்டை நகர்த்தலாம் என்றால், அதன் நிலைமையை மேலே விவரமாக எழுதியிருக்கிறேன். நிலக்காரர் சம்மதித்தால்தான் கடன் என்கிறது வங்கி. கையெழுத்துப் போடவேண்டிய தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்களிடம் எப்படிக் கேட்பது என்று நான் விழித்துக்கொண்டிருக்க, இமோஜின் சொல்கிறாள்: "சின்ன வயசுல ஒரே கட்டில்ல என்னைச் சுவரோட நெருக்கிட்டு முக்கால்வாசி எடத்தைப் புடிச்சவன் அவன். இப்ப நான் நாலடி நகர்ந்து படுத்திருக்கேன், அவ்வளவுதான்னு எழுதுங்க."