முன் கட்டடத்தின் அன்பளிப்பு

பேராசிரியர் எழுந்தார். பல் தேய்த்தார். காபி குடித்தார். மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். முக்கால் தொட்டி இருந்தது. முன் கட்டடத்தின் செயலாளர் என்ற முறையில் தினமும் இது அவர் வேலை.

இறங்கி வரும்போது மேல்மாடிக்காரர் மடக்கினார்.

"நேத்து டிவியில பிரமாதம் சார். பணக்கார நாடுங்க வரியை ஏத்தி, ஏழை நாடுங்களுக்குக் குடுக்கணும்னு வெளுத்து வாங்கிட்டீங்க."

"அது கடமைதானே?"

"பின் கட்டடத்துல தண்ணி சரியா வரலையாம். நம்ம மெயின்டனன்ஸை ஏத்திக் குடுத்துடுவோமா?" என்று சிரித்தார்.

பேராசிரியர் சிரிக்கவில்லை. வீட்டுக்குள் போனால் மனைவியும் அதையே பிடித்துக்கொண்டாள்.

"உலகத்துக்கே புத்தி சொல்றீங்க. சந்துக்கு அந்தப் பக்கம் கண்ணு தெரியலையா?"

மாலையில் கூட்டம் போட்டார்.

"ஏத்துற பணத்துல நமக்கு என்ன கிடைக்கும்?" என்றார் மேல்மாடிக்காரர்.

"நமக்கு இல்ல. அவங்களுக்கு."

"அப்போ அவங்களே ஏத்திக்கட்டுமே!"

கைதட்டல் விழுந்தது. பேராசிரியர் விடவில்லை. நியாயம், மனிதநேயம், வரலாறு என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். கேட்டுக் களைத்துப்போய் மேல்மாடிக்காரர் இறங்கி வந்தார், நிபந்தனைகளோடு.

பணமாகக் கொடுக்கக் கூடாது, தண்ணீராகத்தான் கொடுக்க வேண்டும். இரண்டு மொட்டை மாடித் தொட்டிகளையும் ஒரு குழாயால் இணைக்க வேண்டும். குழாயை அவர் மச்சான் கடையில்தான் வாங்க வேண்டும். மச்சானேதான் பொருத்துவார். குழாயின் மேல் 'முன் கட்டடத்தின் அன்பளிப்பு' என்று பலகை தொங்க வேண்டும்.

"இது சொதப்பிச்சுன்னா, அடுத்த வாரம் டிவியில போய், நான் சொன்னது தப்புன்னு நீங்களே சொல்லணும். சரியா?"

மானப் பிரச்சினை. "சரி" என்றார் பேராசிரியர்.

குழாய் போட்டாயிற்று. மறுநாள் காலை மூடியைத் தூக்கினார். தொட்டி விளிம்பு வரை நிறைந்திருந்தது.

"பாத்தீங்களா? குடுத்தும் குறையல!" என்று மாடி மாடியாகப் போய்ச் சொன்னார்.

ஆனால் பின் கட்டடத்துக்காரர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாய்க்குப் போவதை மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பேராசிரியர் ஓடிப்போய் அந்தக் கட்டடத்துச் செயலாளரான தையல்காரம்மாவைப் பிடித்தார்.

"ஏம்மா, தண்ணி போதலையா?"

"நாங்க எப்படியோ சமாளிச்சுக்கிறோம் சார். உங்களுக்குப் போதுதா?"

பேராசிரியர் உருகிப்போனார். இந்த நிலைமையிலும் நம்மை விசாரிக்கிறார்களே! அன்றைக்கே மறுபடி கூட்டம், மறுபடி மெயின்டனன்ஸ் ஏற்றம். மச்சான் இரண்டு மடங்கு பெரிய குழாயைக் கொண்டுவந்து மாட்டினார்.

இப்போது முன் கட்டடத்துத் தொட்டி வழிந்து படிக்கட்டில் ஓடியது. மேல்மாடிக்காரர் வழுக்கி விழுந்தார். பின் கட்டடத்திலோ குடங்கள் அதிகமாயின.

"எவ்வளவு விட்டாலும் பத்தலைன்னா என்ன அர்த்தம்?" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு கத்தினார் மேல்மாடிக்காரர். "குழாயைத் தொறந்து போட்டுட்டுத் தூங்குறாங்க! டிவியில தப்புன்னு சொல்லிடுங்க சார்."

"அவங்களுக்குச் சிக்கனம் தெரியல, அவ்வளவுதான். நான் போய்ச் சொல்லித் தரேன்."

"சட்டையை மாத்திட்டுப் போங்க, நனைஞ்சிருக்கு" என்றாள் மனைவி.

பின் கட்டடத்து மொட்டை மாடியில் கூட்டம். அவர் கட்டடத்தைவிட ஒரு மாடி கூடுதலாக ஏற வேண்டியிருந்தது. மூச்சு வாங்கியது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். கீழே அவருடைய தொட்டி வழிந்து மினுங்கிக்கொண்டிருந்தது. பலகை காற்றில் ஆடியது. பெருமையாக இருந்தது.

நீரைச் சேமிக்கும் வழிகளை விரிவாகப் பேசினார். எல்லோரும் காலிக் குடத்தின் மேல் உட்கார்ந்து மரியாதையாகக் கேட்டார்கள். கடைசியில், "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்றார்.

தையல்காரம்மா தயங்கி எழுந்தார்.

"சந்தேகம் எல்லாம் இல்ல சார். எங்க தொட்டியிலேர்ந்து உங்க தொட்டிக்குக் குழாய் போட்டப்பவே, வாய்விட்டுக் கேக்கக் கூச்சப்பட்டுத்தான் அந்தப் பலகையை மாட்டியிருக்கீங்கன்னு புரிஞ்சுக்கிட்டோம். இல்லாதவங்களுக்குக் குடுக்கணும்னு டிவியில நீங்க வேற அவ்வளவு உருக்கமா பேசினீங்களா, மனசு கேக்காம நாங்களும் மெயின்டனன்ஸை ஏத்திட்டோம், நாளைக்குப் பெரிய மோட்டார் வருது, கவலைப்படாம போங்க."