ஈரம், தொடாதீர்கள்

குற்றச்சாட்டு: மார்ச் ஒன்பதாம் தேதி, ஞாயிறு, மாலை ஐந்து நாற்பதுக்கு, ‘ஈரம், தொடாதீர்கள்’ என்று சிவப்பு மையில் நான் எழுதி ஒட்டிய சீட்டுக்கு நான்கு விரற்கடை கீழே, வார்னிஷ் பூசித் தொங்கவிட்டிருந்த என் மரத் தூண்டில் கழியின் மீது, என் மனைவியின் தம்பி தமது வலது கட்டை விரலை வைத்து எடுத்தார். சீட்டு, இணைப்பு ஒன்று.

இவரைத் தனி மனிதர் என்று எண்ணிவிடாதீர்கள், வாசகரே. இவர் ஓர் இனம். தொட்டுப் பார்ப்பவர் இனம். கண் சொன்னதை விரல் ஒப்புக்கொண்டால்தான் நம்புவார். புதுச் சிமெண்டுத் தரையில் ஒற்றைச் செருப்புத் தடம் யாருடையது? பூங்கா பெஞ்சின் பச்சைப் பெயிண்டில் ஐந்து விரல் தடங்கள் யாருடையவை?

அந்தக் கழி, இறகால் கட்டிய பொய்ப்பூச்சியை நீர்மேல் வீசி மீன் பிடிப்பதற்கானது. நூலகப் புத்தகம் ஒன்றை நான்கு முறை புதுப்பித்து (ரசீதுகள் உள்ளன) நானே கற்று, ஆறு மரச் சிம்புகளை நுனி நோக்கி ஒடுங்க இழைத்து, ஒன்றாக ஒட்டி, கோணலைச் சூடுகாட்டி நிமிர்த்தி, பட்டு நூல் சுற்றி, இரண்டாண்டு முடிவில் கடைசிப் பூச்சுக்கு வந்திருந்தேன். காய ஏழு நாள். தூசி படாதிருக்கக் குளியலறையில் தொங்கியது. குடும்பம் பக்கத்து வீட்டில் குளித்தது. பதினாறாம் தேதி தூண்டில்காரர் சங்கத்தின் கண்காட்சிப் போட்டி.

மைத்துனர் கை கழுவ உள்ளே போனார்.

“சீட்டைப் பார்க்கலையா?”

“பார்த்தேன் அத்தான். அதான் காஞ்சிடுச்சான்னு தொட்டுப் பார்த்தேன்.”

“காஞ்சிருந்ததா?”

“இல்ல. சரியாத்தான் எழுதியிருக்கீங்க.”

“ஒரு கைரேகை தானேங்க,” என்றாள் மனைவி. “மீன் என்ன பூதக்கண்ணாடி வச்சா பார்க்கப் போகுது?”

மீன் பார்க்காது. நடுவர் பார்த்தார். தேய்த்து மறுபடி பூச நாளில்லாததால், ரேகை கல்வெட்டுப்போல் இறுகிய கழியோடுதான் நான் போயிருந்தேன். நேர்த்திக்கு அவர் போட்டது பூஜ்யம். மதிப்பெண் தாள், இணைப்பு இரண்டு.

“விரல் பதிஞ்சிருக்கே, இன்னும் காயலையா?” என்று கேட்டார் நடுவர். கேட்டுக்கொண்டே தொட்டார்.

ஆகவே, வாசகரே, இனி யாரையும் நம்புவதற்கில்லை. தாங்கள் இவ்வினத்தைச் சேர்ந்தவர் அல்லர் எனில், பதினைந்து நாட்களுக்குள் மைப் பேனாவால் எழுதி, கையொப்பமிட்டு, எழுத்து மூலம் எனக்குத் தெரிவிக்க வேண்டும். மை காய்ந்தபின் மடிக்கவும். காய்ந்ததா என்று தாங்கள் பார்த்த விதம் தாளிலேயே இருக்கும்; தாங்கள் எழுதியிருப்பதை நான் படிக்கவேண்டிய அவசியம் அநேகமாக இராது.