தொட்டி சார் வீட்டு வெள்ளிக்கிழமை

இந்த மதுரையில் கோயில் சாமிகளுக்கு அடுத்தபடியாக அதிக அபிஷேகம் கண்டவர் யாரென்று கேட்டால், எங்கள் மாடி வீட்டுத் தொட்டி சாரைத்தான் சொல்வேன். வைகையில் மணல் மட்டும் கிடந்த கோடையிலும், லாரித் தண்ணீருக்குத் தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு சண்டை போட்ட நாட்களிலும் அவர் வீட்டுக் குளியலறையில் அந்தத் தொட்டி ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. ஆள் காலை நீட்டிப் படுக்கிற நீளம். உள்பக்கச் சுவரெல்லாம் ஓட்டை. சுவிட்சைத் தட்டினால் ஓட்டை வழியாகச் சுடுதண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்து உடம்பைப் பிடித்துவிடும். சாருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் கரண்ட் பில்லில் மட்டும்தான் இருந்தது. ஆட்டோக்காரருக்கும் பால்காரருக்கும் அவர் தொட்டி சார்.

ஆரப்பாளையத்தில் அவருடைய கீழ்வீட்டில்தான் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். என் வீட்டுக்காரர் டவுன் பஸ் கண்டக்டர். நான் பத்தாவது வரைக்கும் படித்தவள், எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் எங்கள் சாமி அலமாரிக்கு நேர் மேலே அவருடைய குளியலறை இருப்பதால், இந்தக் கதையைச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர் யாருமில்லை.

சார் குளியலறைச் சாமான்கள் விற்கிற கடையில் சேல்ஸ்மேனாக இருந்தவர். அந்தத் தொட்டியை விளம்பரத்துக்காகக் கடை வாசலில் வைத்திருந்தார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் அதன் பெருமையைச் சொல்வது அவர் வேலை. ஒருத்தரும் வாங்கவில்லை. ஒரு நாள் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து குழாய் வாங்க வந்த, காடு கழனி பார்க்கிற ஒரு சம்சாரி, தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாராம்.

"அண்ணே, இது என்னதுண்ணே?"

"பாத்டப்புங்க. உள்ள படுத்தீங்கன்னா தண்ணி வந்து உடம்பப் பிடிச்சுவிடும்."

"படுத்துக்கிட்டு எவன்ணே குளிப்பான்? செத்தவனத்தான் படுக்கவச்சுக் குளிப்பாட்டுவாய்ங்க." சம்சாரி தொட்டியின் விளிம்பைத் தட்டிப் பார்த்திருக்கிறார். "ஆனா நல்லா கெட்டியாத்தான் இருக்கு. நாலு மாடு சேந்தாப்புல தண்ணி குடிக்கலாம். வெல சொல்லுங்க, தூக்கிட்டுப் போறேன்."

சாருக்கு வந்ததே கோபம். "மாட்டுக்கெல்லாம் இதக் குடுக்க முடியாது" என்று அனுப்பிவிட்டார். அந்தச் சம்சாரி சொன்னதைச் சார் எங்களிடம் நடித்துக் காட்டும்போதெல்லாம் கோமதி அக்கா, அதாவது சாரின் மனைவி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

கடையை வேறு இடத்துக்கு மாற்றியபோது தொட்டியை உடைத்துப் போடப் பார்த்தார்கள். சார் முதலாளியிடம் கேட்டு வீட்டுக்கு வாங்கி வந்துவிட்டார். அக்காவுக்கு மூட்டு வலி. மாடிப்படியைப் பக்கவாட்டில் நண்டு மாதிரிதான் இறங்குவார். சுடுதண்ணீர் பீய்ச்சினால் வலி குறையும் என்று சார் நம்பினார்.

தொட்டி படியில் ஏறவில்லை. கயிறு கட்டி வெளியிலிருந்து மாடிக்குத் தூக்கினார்கள். தெருவே கூடிவிட்டது.

"மாப்ள, என்னடா அது? அழகர் எறங்குறதுக்கா?"

"ஆமாடா. ஆத்துலதான் தண்ணி இல்லையே, இந்த வருசம் சார் வீட்டுத் தொட்டியில எறங்குறாராம்."

அழகரைக் கேலி பேசுகிறார்களே என்று நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சிரிப்பும் வந்தது, அதற்கும் சேர்த்துப் போட்டுக்கொண்டேன். மேலே போய்ச் சேர்ந்ததும் சார் தொட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்தார். அன்றிலிருந்து ஆயுதபூஜைக்கு ஸ்கூட்டருக்கு முன்னால் தொட்டிக்குத்தான் பொட்டு.

வந்தது தீபாவளி. அக்கா தலைமுதல் கால்வரை நல்லெண்ணெய் தேய்த்து, கை நிறையச் சீயக்காயை அப்பிக்கொண்டு தொட்டியில் இறங்கி சுவிட்சைத் தட்டிவிட்டார். அந்தத் தொட்டியைச் செய்த புண்ணியவானுக்கு நம் ஊர் எண்ணெய்க் குளியல் பற்றி யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. உள்ளே இழுத்த எண்ணெயையும் சீயக்காயையும் மோட்டார் கடைந்து கடைந்து நுரையாக வெளியே தள்ளியது. நுரை தொட்டியை விட்டுத் தரைக்கு வந்து, தரையை விட்டுக் கூடத்துக்கு வந்து, படி வழியாக எங்கள் வாசலில் நான் போட்டிருந்த கோலத்தில் வந்து நின்றது.

"செல்வி! ஏத்தா செல்வி! உங்க சாரக் கூப்பிடு. இது நிக்க மாட்டேங்குது!" என்று அக்கா மேலேயிருந்து என்னைக் கூப்பிட்டுக் கத்துகிறார். சாரோ கீழே சரவெடி கொளுத்திக்கொண்டிருக்கிறார், காதில் விழவில்லை.

அப்புறம் ரிப்பேருக்கு வந்தவர் ஓட்டைகளைக் குத்திப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "என்ன சார் போட்டீங்க இதுக்குள்ள? மண்ணு மாதிரி அடைச்சிருக்கு. இனிமே ஷாம்புதான் போடணும்." அக்கா ஒத்துக்கொள்ளவே இல்லை. "வெள்ளிக்கிழமை நான் சீயக்காதான் தேய்ப்பேன். ஒத்துக்கிட்டா ஓடட்டும், இல்லாட்டி நிக்கட்டும்" என்றார். தொட்டி ஒத்துக்கொண்டது. பாதி ஓட்டை அடைத்து, மீதி ஓட்டை வழியாக இருமி இருமி, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கொஞ்சம் சீயக்காயைத் துப்பிக்கொண்டே ஓடியது. கீழே நான் விளக்கேற்றும்போது மேலே அந்த மோட்டார் உறுமும். சார் தண்ணீர் சூடு பார்த்துச் சொல்வார்; அக்கா சுவிட்சைத் தட்டுவார். அதை வேறு யாரும் தட்டக் கூடாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அக்காவுக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். ஆட்டோவில் ஏறும்போது, "வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துருவேன் செல்வி" என்றார். வெள்ளிக்கிழமைதான் கொண்டுவந்தார்கள். வாசலில் பெஞ்சு போட்டுப் படுக்கவைத்துக் குளிப்பாட்டினார்கள். சார் மட்டும் குளிப்பாட்டுகிற இடத்தைப் பார்க்காமல் மாடியையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த உசிலம்பட்டிக்காரர் சொன்னதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அவருக்கும் அதுதான் வந்திருக்கும்.

அதற்குப் பிறகு சார் தொட்டிக்குள் நின்றபடி குவளையில் மோந்து ஊற்றிக் குளித்தார். தெருவில் அவர் பேச்சு நின்றது. நடிப்பெல்லாம் போயிற்று. இப்படிப் பல மாதம் போன பிறகு ஒரு நாள், என் சாமி அலமாரியில் இருக்கும் முருகன் தலையில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு ஒன்று. மாடிக்கு ஓடினேன்.

"சார், உங்க வீட்டுத் தண்ணி எங்க முருகன் தலையில விழுதுங்க சார்."

"கோயில்ல சீட்டு வாங்கிட்டுல்ல அபிஷேகம் பாக்குறீங்க? உனக்கு வீட்டுலயே நடக்குது. பேசாம கும்பிட்டுக்க."

அக்கா போன பிறகு அவர் பேசிய முதல் கேலி அது. அதனால் சண்டை போட மனசு வரவில்லை. முருகன் தலைக்கு மேலே ஒரு கிண்ணத்தைக் கட்டித் தொங்கவிட்டேன்.

சொட்டு தினமும் விழவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும்தான் விழுந்தது. ஆம்பளைகளுக்கு எண்ணெய்க் குளியல் சனிக்கிழமை; இவர் எதற்கு வெள்ளிக்கிழமை தண்ணீர் நிரப்புகிறார் என்று எனக்குப் புரியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பொங்கல் கொடுக்கிற சாக்கில் மேலே போனேன். குளியலறைக் கதவு திறந்திருந்தது. தொட்டி நிறையச் சுடுதண்ணீர், ஆவி பறக்கிறது. சார் வேட்டி சட்டையோடு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"யாரு சார் குளிக்கப் போறா?"

"வெள்ளிக்கிழமைல்ல" என்றார்.

அவ்வளவுதான். தண்ணீர் ஆறும் வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டு அடைப்பைப் பிடுங்கிவிடுவாராம். சுவிட்சை அவர் தொடுவதில்லை. நான் பொங்கலை வைத்துவிட்டு இறங்கி வந்தேன். அன்றைக்கு விளக்கு முன்னால் உட்கார்ந்து எதை வேண்டிக்கொள்வதென்றே தெரியவில்லை.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை குனிந்து அடைப்பைப் பிடுங்கியவர் தொட்டிக்குள்ளேயே சறுக்கி விழுந்துவிட்டார். கீழே குழாயில் டங்கு டங்கென்று தட்டுகிற சத்தம் கேட்டு ஓடினேன். தண்ணீர் முழுதும் வடிந்த தொட்டியில் ஈர வேட்டியோடு மல்லாந்து கிடந்தார்; இடுப்பைத் தூக்க முடியவில்லை.

"என்ன சார் இது!"

"ஒண்ணுமில்லம்மா. சும்மா படுத்து யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

என் வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் வந்துதான் தூக்கினார்கள். எலும்பு முறியாமல் காத்தது மீனாட்சித் தாய்தான். செய்தி கோயம்புத்தூரில் இருக்கும் மகள் உமாவுக்குப் போயிற்று. உமா என் போனிலேயே பேசினாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அப்பா, சித்திரைத் திருவிழாவுக்கு வாரேன். நான் வரும்போது அந்தத் தொட்டி இருக்கக் கூடாது. இருந்துச்சுன்னா வீட்டப் பூட்டிட்டு உங்களக் கையோட கூட்டிட்டுப் போயிருவேன்."

சார் முகம் செத்துவிட்டது. கோமதி அக்கா நடமாடிய வீட்டை விட்டு அவர் எங்கே போவார்? தொட்டியை எடுத்தால் வீடு மிஞ்சும். எடுக்காவிட்டால் இரண்டும் போய்விடும். "மாத்திடறேன்" என்றார். ஆனால் என்னத்தைப் போட்டு மாற்றுவது? அங்கேதான் பழைய சேல்ஸ்மேன் எழுந்துகொண்டார். தானே விற்கிறவராகவும் தானே வாங்குகிறவராகவும் இருந்து ஒவ்வொரு சாமானையும் வேண்டாமென்று தள்ள ஆரம்பித்தார்.

குழாய் வேலைக்கு வந்தவர் பாண்டி; உசிலம்பட்டிக்காரர். போனில் படம் காட்டினார். "சார், இந்தா பாருங்க, கதவு வச்ச தொட்டி. காலத் தூக்க வேணாம். கதவத் தொறந்து நடந்து போயி உக்காந்துக்கலாம்."

"யாருகிட்ட? நான் வித்தவன்யா. உள்ள போயி கதவ மூடி உக்காந்த பெறகுதான் தண்ணியத் தொறக்கணும். நெறையுற வரைக்கும் வெறும் ஒடம்போட நடுங்கணும். குளிச்சு முடிச்சா வடியுற வரைக்கும் கதவத் தொறக்க முடியாது. நடுவுல நெஞ்சு வலிச்சா என்ன பண்ண? அப்பிடியே தூக்கிட்டுப் போயிற வேண்டியதுதான்."

"அப்ப ஓட்டை கீட்டை இல்லாத சாதாத் தொட்டி?"

"அதுக்கும் காலத் தூக்கித் தாண்டித்தான போகணும்? உமா என்னத் தூக்கிட்டுப் போயிருவா."

"சரி, கண்ணாடி ரூம்பு. மேலருந்து மழ மாதிரி ஊத்தும்."

"மதுரையில மழையே வரல, பாத்ரூம்புல எங்கருந்து வரும்? மொட்டமாடி டேங்குல அம்புட்டு அழுத்தம் இல்லய்யா. மூத்திரம் மாதிரி வரும். கண்ணாடிக்குள்ள நின்னு அதப் பாத்துக்கிட்டிருக்கணும்."

பாண்டி போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். "அப்ப ஒண்ணே ஒண்ணுதான் சார் மிச்சம். தொட்டிய எடுத்துட்டு வழுக்காத டைல்ஸப் போட்டு, தண்ணி ஓட வாட்டம் குடுத்துருவோம். சொவத்துல ரெண்டு கைப்பிடி. ஒக்கார ஒரு ஸ்டூலு. வாளி, குவளை."

சார் ரொம்ப நேரம் தொட்டியைப் பார்த்தார். பாண்டி சொன்னதில் குறை சொல்ல அவரிடம் ஒன்றுமே இல்லை. அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

"சரி" என்றார்.

உடைக்க வந்த அன்றைக்குப் பாண்டி, "மோட்டாரு நல்லாருந்தா கழட்டி வேற எதுக்காச்சும் வச்சுக்கலாம் சார். ஒருக்கா ஓட்டிப் பாத்துருவோமா?" என்றார். தண்ணீர் நிரப்பினார். சுவிட்சில் கை வைக்கப் போனவரை சார் தடுத்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "செல்வி, நீ தட்டும்மா."

நெஞ்சுக்குள் கோமதி அக்காவைக் கும்பிட்டுக்கொண்டு தட்டினேன். மோட்டார் முதலில் முனகியது, அப்புறம் உறுமியது. பாதி ஓட்டைகள் இருமின. ஒரு ஓட்டையிலிருந்து குபுக்கென்று கெட்டிப் பழுப்பாக என்னவோ வந்து தண்ணீரில் கரைந்தது. பிறகு இன்னொரு ஓட்டை. குளியலறை முழுக்கச் சீயக்காய் வாசம். பக்கத்தில் ஈரத்தலையோடு அக்கா நிற்கிற மாதிரியே இருந்தது. பாண்டிக்கு விவரம் தெரியாது. ஆனாலும் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

சார் விளிம்பைப் பிடித்துக் குனிந்து தண்ணீரில் கைவைத்துப் பார்த்தார், சூடு பார்ப்பது மாதிரி. "போதும். நிப்பாட்டிரு" என்றார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கடைசி வரைக்கும் ஷாம்புக்கு மாறல பாத்தியா, அவ" என்றார்.

தொட்டியை உடைக்கவில்லை. ஊரில் தன் சித்தப்பா மாடு வைத்திருக்கிறார், தொட்டியை அவருக்குக் கொண்டுபோகலாமா என்று பாண்டி மெதுவாகக் கேட்டார். சார் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "உசிலம்பட்டிலயா?" என்றார். இரண்டு தடவை கேட்டார். ஏறிய வழியிலேயே கயிறு கட்டி இறக்கினார்கள். இந்தத் தடவை தெருவில் யாரும் கேலி பேசவில்லை. மாட்டுப் பொங்கலுக்கு அதற்கும் பொட்டு வைக்க வேண்டும் என்று மட்டும் சார் சொல்லி அனுப்பினார்.

போன வாரம் பாண்டி போனிலிருந்து வீடியோ வந்தது. தொட்டியில் மாடுகள் தலையைக் கவிழ்த்துத் தண்ணீர் குடிக்கின்றன. சார் கண்ணாடியைப் போட்டு எண்ணினார்.

"நாலு. அன்னைக்கே அந்த மனுசன் கரெக்டாத்தான் சொல்லியிருக்கான்."

திருவிழாவுக்கு வந்த உமா கைப்பிடியை ஆட்டிப் பார்த்துவிட்டு, அப்பாவை விட்டுவிட்டுப் போனாள். தொட்டி போய்விட்டது, தெருவுக்கு அவர் இன்னும் தொட்டி சார்தான். என் முருகன் தலையில் இப்போது சொட்டு விழுவதில்லை. கிண்ணத்தை மட்டும் அவிழ்க்காமல் வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருப்பேன். மேலே வாளி நிரம்புகிற சத்தம் கேட்கும். பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்காது, சுடுதண்ணீர் ஆறிக்கொண்டிருக்கும். அப்புறம் ஸ்டூல் இழுபடும், ஒரு குவளைத் தண்ணீர் தரையில் விழும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் நான் கற்பூரம் ஏற்றுகிறேன்.