சின்னையாவின் சுண்ணாம்புச் சபதம்

வாழிய சின்னையா. துறைமுகக் கிட்டங்கியில் மூட்டை நிறுக்கும் பெருந்தராசின் அதிபதி, அண்ணாந்து ஊற்றியன்றி நீரருந்தா ஆசாரசீலர், நாளொன்றுக்கு இருபது முறை வெற்றிலை மெல்லும் செவ்விதழ்ச் செம்மல், பினாங்குச் சூலியா தெருவின் திலகம். அன்னாரின் போரைப் பாட, நாமகளே, என் நாவில் வந்து அமர்க. வெற்றிலைச் சாறு படாத ஓரமாகப் பார்த்து அமர்க.

அவருக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தவள் தெருமுனைக் கடைக்காரி ஆசியா பீவி. கெராங் சிப்பியின் ஓட்டைத் தேங்காய் மட்டையோடு அடுக்கிச் சுட்டு, நீர் தெளித்து நீற்றி, மென்மையானதை வெற்றிலைக்கும், கரடானதை வீட்டுச் சுவருக்கும், கழிந்ததைத் தென்னையின் வேருக்கும் பகிர்ந்தளித்து, ஒரு துண்டு ஓட்டையும் வீணாக்காத பெருந்தகை அவள். அவ்வோடுகள் அலை கழுவிக் கரையேற்றியவை என்றே பதினோரு ஆண்டுகளாகச் சின்னையா நம்பியிருந்தார். ஒரு திங்கட்கிழமைக் காலை அந்த நம்பிக்கை மண்ணைக் கவ்வியது. கெராங் கடை மேசைகளின் கீழே, ஊரார் உறிஞ்சித் துப்பிய ஓடுகளை அவள் கோணியில் வாரிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைதோறும் அதே மேசையில் தாமும் இரண்டு தட்டு உறிஞ்சுவது அவர் நினைவுக்கு வரவில்லை.

கண் சிவந்து, மீசை துடித்து, மடித்த வெற்றிலையை மண்ணில் எறிந்து, மாட்டு வண்டிகளும் ரிக்‌ஷாக்களும் தேங்கி நிற்க, முச்சந்தியில் நின்று முழங்கினார் மூட்டைவேந்தர்: "கேளுங்கள், தெருவோரே. பிறர் எச்சில் பட்ட ஓட்டின் சுண்ணாம்பு இனி என் நாவைத் தீண்டாது. தீண்டினால் நான் சின்னையா அல்லேன்."

"நெருப்புல வெந்ததுக்கு ஏதுண்ணே எச்சி?" என்றாள் ஆசியா பீவி.

வேந்தர் செவிசாய்க்கவில்லை. கேட்டு நின்றவர்களில் நாலைந்து பேர் அன்றே அவள் கடையை விட்டு விலகினார்கள். விற்காத வெற்றிலை கூடையிலேயே வாடியது. 

போர் மூண்டது. முதல் நாள் சுண்ணாம்பில்லா வெற்றிலையும் பாக்கும் பல்லிடைப் பட்டு அரைந்தும் செம்மை பிறக்கவில்லை. ஆடு மேய்ந்த வாயாகப் பச்சைச் சாறே வழிந்தது. இரண்டாம் நாள் ஈப்போவிலிருந்து கல் சுண்ணாம்பு என்னும் துணைப்படை வந்தது. வந்த வேகத்தில் நாக்குத் தோலை உரித்துக்கொண்டு போயிற்று. மூன்றாம் நாள் கிட்டங்கியில் அரிசி மூட்டையைச் சர்க்கரையோடு அடுக்கச் சொல்லிவிட்டு, அடுக்கியவர்கள்மேல் எரிந்து விழுந்தார்.

"போய் ரெண்டு வெத்தல போட்டுட்டு வாங்க லா. ஊட்ல மனுசி இருக்க முடியல" என்றாள் மனைவி குணவதி.

போனால் தெரு சிரிக்கும். போகாவிட்டால் தலை வெடிக்கும். வியாழக்கிழமை காலை, வேறெங்கோ போகிறவரைப் போல அவர் கடையைக் கடக்கப் பார்த்தார். கால் நகரவில்லை. தெருவே வேடிக்கை பார்த்தது.

ஆசியா பீவி ஒரு சின்ன டப்பாவை நீட்டி, நாலு பேர் காதில் விழும்படி சொன்னாள்.

"அண்ணே, போன சனிக்கிழம நீங்க ரெண்டு தட்டு கெராங் தின்னீங்கல்ல? அந்த ஓட்ட மட்டும் தனியா பொறுக்கிச் சுட்டு வச்சிருக்கேன். நீங்க தின்ன ஓடு உங்களுக்கே எச்சியா லா?"

சின்னையா வானத்தைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார். மீண்டும் வானத்தைப் பார்த்துத் தீர்ப்புரைத்தார்: "தன் எச்சில் தனக்கு எச்சில் ஆகாது. சபதம் நிலைத்தது. தடவு, பீவி."

விலகிப்போன நாலைந்து பேரும் தங்கள் டப்பா எங்கே என்று கேட்டு வரிசையில் நின்றார்கள். ஆசியா பீவி ஆளுக்கொன்று எடுத்து வைத்தாள். பவளம் பழுத்த வாயும், பனி விலகிய நெஞ்சும், பங்கமுறா வாக்கும் உடைய பெருமானாய், தெருவோர் வழிவிட, தராசு நோக்கித் தலைநிமிர்ந்து நடந்தார் சின்னையா.

போன சனிக்கிழமை அவருக்கு வயிற்றுப்போக்கு, கெராங் கடைப் பக்கமே போகவில்லை.