தாத்தா ராஜா கண்டுபிடித்த டோக்கன்

ஒரு காட்டில் தண்ணீர் குடிப்பதற்குக்கூட விண்ணப்பம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. பெயர், இனம், வாலின் நீளம், கடைசியாகத் தண்ணீர் குடித்த தேதி எல்லாவற்றையும் நிரப்பி, குளத்தங்கரைக் கவுண்டரில் முத்திரை வாங்கினால்தான் கரையில் இறங்கலாம். அந்தக் கவுண்டரில் முத்திரை குத்திக்கொண்டிருந்தது வடிவு என்கிற முள்ளம்பன்றி. பதினோரு வருட சர்வீஸ். ஒரு நாளும் அவள் தாமதமாக வந்ததில்லை. அதனாலேயே அப்படி ஒருத்தி இருப்பது யாருக்கும் தெரியாது.

அந்தக் கோடையில் வெயில் மண்டையைப் பிளந்தது. வரிசையோ மர நிழலைத் தாண்டி, பொட்டல் வெளியில் போய் நின்றது. சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்துக் காட்டுக்கு விருந்துக்குப் போயிருந்த சிங்கராஜா திரும்பி வந்தார்.

"அங்கே ஊழியர்கள் எல்லோரும் புதுமையாகச் சிந்திக்கிறார்களாம். இங்கேயும் சிந்திக்கட்டும். திங்கட்கிழமையிலிருந்து" என்று உத்தரவு போட்டார்.

பயிற்சி கொடுக்க ஒரு மயில் வந்தது. தோகையை விரித்துக் கால் மணி நேரம் நின்ற பிறகுதான் பேச்சையே ஆரம்பித்தது. எல்லோர் முன்னாலும் ஒரு கூழாங்கல்லை வைத்து, "இதற்கு நூறு பயன்கள் எழுதுங்கள்" என்றது.

வடிவு யோசித்துப் பார்த்து ஒன்றே ஒன்று எழுதினாள்: 'விண்ணப்பம் காற்றில் பறக்காமல் இருக்க மேலே வைக்கலாம்.' மேலாளர் தனுஷ்கோடி, அது ஒரு கரடி, பக்கத்து நரியைப் பார்த்து நூறையும் எழுதிவிட்டார். வடிவின் தாளில் மயில் சிவப்பு மையால் குறித்தது: 'படைப்பாற்றல் போதாது. கவனிக்கவும்.'

வடிவுக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் மறுநாள் மதியம் வரிசையில் மரகதம் என்கிற நிறைமாத மான் மயங்கி விழுந்ததைப் பார்த்ததும், சிவப்பு மை மறந்துபோய்விட்டது. கவுண்டரை விட்டு ஓடினாள். மரகதம் கண் விழித்து, "வரிசை போயிடும்க்கா, என்னை நகர்த்தாதீங்க" என்று கெஞ்சினாள்.

அன்று முழுக்க வடிவுக்கு அந்தக் குரல் காதிலேயே இருந்தது.

அடுத்த நாள் காலையில் புங்க இலைகளில் ஒன்று, இரண்டு என்று எண் எழுதித் தன் முதுகு முட்களில் வரிசையாகக் குத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். வருகிறவர்கள் ஆளுக்கொரு இலையைப் பிடுங்கிக்கொண்டு மர நிழலில் போய்ப் படுத்துக்கொண்டார்கள். எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டதும் எழுந்து வந்தார்கள். தள்ளுமுள்ளு இல்லை, மயக்கம் இல்லை. எருமைகூட ஒரு தூக்கம் போட்டுவிட்டு வந்து நன்றி சொன்னது.

மதியம் தனுஷ்கோடி வந்தார். "வெயில்ல யாரையும் காணோமே, என்னம்மா இது? யார் உத்தரவு?"

"நானா யோசிச்சேன் சார்."

"இது இதுக்கு முன்னாடி எங்கயாவது நடந்திருக்கா?"

"இல்ல சார். புதுசு."

"புதுசுன்னா எப்படிம்மா அனுமதிக்கிறது? முன்னுதாரணம் வேண்டாமா?"

"புதுசா யோசிக்கச் சொன்னீங்களே சார்!"

"யோசிக்கச் சொன்னோம். செய்யச் சொன்னோமா?"

முதுகிலிருந்த இலைகளை அவரே பொறுக்கி எடுத்தார். இரண்டு தடவை விரலில் முள் குத்தியதால் கோபம் இன்னும் ஏறியது. வரிசை மறுபடி பொட்டல் வெளிக்குப் போனது. மரகதம் எழுந்து, வயிற்றைத் தூக்கிக்கொண்டு வெயிலில் போய் நின்றாள். வடிவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்று மாலை வடிவு ஆவண அறைக்குப் போனாள். அங்கே பொன்னரசி என்கிற கரையான் தன் குடும்பத்தோடு பழைய கோப்புகளைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. வடிவு ஒரு பனையோலையை நீட்டினாள்.

"பொன்னரசி, இதோட ஓரத்தை மட்டும் கடிச்சுக் கொடேன். நடுவுல ரெண்டு ஓட்டை. எழுத்து மேல வாய் வெச்சிடாதே."

"எவ்வளவு பழசா வேணும்?"

"ராஜாவோட தாத்தா காலம்."

பதினோரு வருடத்தில் ஒரு பொய் முத்திரைகூடக் குத்தாதவள் அவள். பொட்டல் வெளியை நினைத்துக்கொண்டாள். ஓலையைச் சேற்றில் ஒரு முறை புரட்டி எடுத்து, காலையில் மேலாளர் மேசைமேல் வைத்தாள்.

'இலை எண் முறைப்படி தண்ணீர் வழங்குவது நம் காட்டின் தொன்றுதொட்ட வழக்கம். இப்படிக்கு, தாத்தா ராஜா' என்று அதில் இருந்தது.

தனுஷ்கோடி ஓலையை முகர்ந்து பார்த்தார். ஓட்டை வழியாக வெளிச்சத்தைப் பார்த்தார். எழுந்து நின்று கும்பிட்டார். ஒரு மணி நேரத்தில் அது சிங்கராஜாவிடம் போனது. ராஜா படித்துவிட்டுக் கண்ணீர் விட்டார். "என் தாத்தா! எப்பேர்ப்பட்ட மூளை!"

மதியமே இலை எண் முறை அமலுக்கு வந்தது. ஆண்டின் சிறந்த படைப்புச் சிந்தனையாளர் விருது தாத்தா ராஜாவுக்கு அறிவிக்கப்பட்டது. அவர் சார்பில் தனுஷ்கோடி மேடையேறி வாங்கிக்கொண்டார். இதெல்லாம் தன் பயிற்சியின் பலன் என்று மயில் பேசியது. தாத்தா ராஜா எந்த வகுப்புக்கு வந்தார் என்று யாரும் கேட்கவில்லை.

வடிவுக்கும் ஒன்று கிடைத்தது. ஒரு மெமோ. 'இவ்வளவு முக்கியமான ஓலையைப் பதினோரு வருடமாக மறைத்து வைத்திருந்தது ஏன்? மூன்று நாளில் விளக்கம் தரவும்.'

வடிவு அதை இரண்டு தடவை படித்தாள். வெளியே எட்டிப் பார்த்தாள். மரகதம் நிழலில் படுத்து, பிறந்து ஒரு நாளே ஆன குட்டியை நக்கிக்கொண்டிருந்தாள். வடிவுக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. இன்னொரு பனையோலையை எடுத்துக்கொண்டு ஆவண அறைக்கு நடந்தாள்.

மூன்றாம் நாள் விளக்கம் போய்ச் சேர்ந்தது. ஓரமெல்லாம் அரித்து, நடுவில் மூன்று ஓட்டையோடு: 'முள்ளம்பன்றிகளுக்கு மெமோ கொடுக்கும் வழக்கம் இத்துடன் நிறுத்தப்படுகிறது. இப்படிக்கு, தாத்தா ராஜா.'

தனுஷ்கோடி எழுந்து நின்று கும்பிட்டார்.

நீதி: புதிதாக யோசிக்க மூளை இருந்தால் போதும், அதற்கு அனுமதி வாங்கத்தான் கரையான் வேண்டும்.