தூசி, சூடு, ஈரம்

அன்று காலை நம்மவர் ஒரு கணவனால் எட்ட முடிந்த உச்சத்தை எட்டிவிட்டார். மனைவி அவரைப் பார்த்து, "உங்களுக்கு இதெல்லாம்கூடத் தெரியுமா!" என்றாள். கேள்விதான். ஆனால் முடிவில் ஆச்சரியக்குறி இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரைக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் கேள்விக்குறி மட்டும்தான் இருந்து வந்தது.

நம்மவருக்கு லிஃப்ட் கம்பெனி ஒன்றில் புகார்ப் பிரிவில் வேலை. லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டால் ஜனங்கள் இவருக்குத்தான் போன் செய்வார்கள். லிஃப்டுக்குள் என்ன இருக்கிறது என்று இவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. "பார்க்கிறோம் சார்" என்று ஆரம்பிப்பார். அப்புறம் குறையை நைசாக எதிராளியின் பக்கம் தள்ளிவிடுவார். "உங்க கட்டடத்துல தூசி ஜாஸ்தி சார்." "உங்க பக்கம் ஈரக் காத்து சார்." போன் செய்தவர் தன் கட்டடத்தைத் தானே நொந்துகொண்டு போனை வைப்பார். இந்தக் கலையில் நம்மவரை மிஞ்ச ஆள் கிடையாது.

வீட்டில் கதையே வேறு. குழாய் சொட்டுகிறதே என்று ஒரு முறை இறுக்கினார். சொட்டுவது நின்றது, கொட்டுவது ஆரம்பித்தது. படம் மாட்ட ஆணி அடித்தார். ஆணி நேராகத்தான் போனது, பக்கத்து வீட்டு டீச்சரின் சமையலறைக்குள். அதிலிருந்து அந்த வீட்டில் எது பழுதானாலும் மனைவி சொல்வது ஒன்றுதான்: "என் தம்பியைக் கூப்பிடலாங்க."

மச்சினன் வருவான். ஒரு தட்டு தட்டுவான். சரியாகிவிடும். "அவ்ளோதான் மாமா" என்று சிரிப்பான். அந்தச் சிரிப்பு நம்மவருக்குச் சாப்பாட்டில் கல் கடிப்பதுபோல இருக்கும்.

மனைவி வீட்டிலிருந்தபடியே ஸ்டுடியோக்காரர்களுக்குக் கல்யாண ஆல்பம் வடிவமைத்துக் கொடுப்பவள். அன்று காலை அவள் கம்ப்யூட்டர் திரை திடீரென்று மங்கிப்போய், எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவுக்கு ஊதி நின்றது. ஆல்பம் சாஃப்ட்வேர், திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டே இல்லை என்று சாதித்தது.

"என்னங்க, மாப்பிள்ளை மூஞ்சி கட்டம் கட்டமாத் தெரியுது! தம்பி வேற வெளியூர்ல இருக்கான்!"

நம்மவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் உட்கார்ந்தார். அங்கே கிளிக்கினார், இங்கே கிளிக்கினார். எங்கேயோ கார்டின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் ஆச்சரியக்குறி கண்ணில் பட்டது. டிரைவர் இல்லையாம். கார்டு என்னதான் புதிதாக இருந்தாலும் டிரைவர் என்கிற அந்தக் குட்டி சாஃப்ட்வேர் இல்லாவிட்டால் அதை இயக்க ஆளில்லையாம். நெட்டிலிருந்து இறக்கினார், பதித்தார், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். திரை கும்மிருட்டானது. அடுத்த நொடி பளிச்சென்று மாப்பிள்ளை சிரித்தார். மீசையில் ஒவ்வொரு முடியும் தெரிந்தது.

அப்போதுதான் மனைவி வாயிலிருந்து அந்த ஆச்சரியக்குறி. கேட்காமலே காப்பி வந்தது, பெரிய டம்ளரில். தம்பிக்குப் போன் போட்டு, "உன் மாமா சரி பண்ணிட்டாருடா, ஒத்தை ஆளா!" என்றாள். நம்மவர் இல்லாத காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். பனியனில் இருந்தார் பாவம்.

ஆனால் சரியாகிவிட்ட பொருளைப் பற்றி யார் பேசுவார்கள்? சில நாளிலேயே காப்பி பழைய டம்ளருக்குத் திரும்பியது. "குப்பையை வெளியில வெச்சீங்களா?" என்று பழைய கேள்விக்குறியும் திரும்பியது. நம்மவருக்குத் தாங்கவில்லை. மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்து மெல்லக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். கார்டின் பெயர் மேல் ஒரு கிளிக். டிரைவரை நீக்கு என்று இன்னொரு கிளிக். பூனைபோல வந்து பேப்பரை விரித்துக்கொண்டார்.

"ஏங்க! டிரைவர் மறுபடியும் போயிடுச்சுங்க!"

ஆகா, என்ன இனிமை! அந்த ஒரு குரலுக்காக எத்தனை தடவை வேண்டுமானாலும் நீக்கலாம் என்று தோன்றியது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போய்ச் சரி செய்தார். பெரிய டம்ளர் வந்தது. கூடவே ஒரு கேள்வியும்.

"ஏங்க, போட்டா நிக்க மாட்டேங்குதே, என்ன காரணம்?"

நம்மவர் இதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் வாய் தொழில் பழகிய வாய் அல்லவா? தானாகவே சொல்லிவிட்டது.

"தூசிம்மா. உள்ள தூசி போனா டிரைவர் நிக்காது."

"அட, ஆமாங்க! அப்ப தூசியை எடுத்துடுங்க."

பெட்டியைத் திறந்து துடைத்தார். "பெட்டிக்குள்ள தூசி எங்கேருந்து வருது? ரூம்லேருந்துதானே?" என்றாள் மனைவி. நியாயம்தானே. அறையைப் பெருக்கினார். "மேலே ஃபேன்லேருந்து கொட்டுதுங்க." ஏறினார். "பரண்ல இருக்கறது?" அதற்கும் ஏறினார். ஒட்டடைக் குச்சியோடு அவர் இறங்கியபோது தலை முழுக்க நரைத்திருந்தது. ஆனாலும் ஜன்னல் வழியாக பக்கத்து வீட்டு டீச்சரிடம் மனைவி சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "தூசிதான்னு இவரே கண்டுபிடிச்சாரு டீச்சர்!" வலித்த இடுப்பெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் குளிர்ந்துபோயிற்று.

அப்புறம் நம்மவரை யார் பிடிப்பது? அடுத்த ஞாயிறு டிரைவர் மறுபடி போனது. காரணம் சூடு. ஜன்னலை அடைத்துக்கொண்டிருந்த இரும்பு பீரோவை நகர்த்தினால்தான் காற்று வரும். அதை நகர்த்தச் சொல்லி அவள் கல்யாணமானதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நம்மவர் இதுவரை அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. இப்போது ஒற்றை ஆளாகத் தள்ளினார். பீரோ பாதி நகர்ந்தது, நம்மவர் முதுகு மீதி நகர்ந்தது.

அதற்கு அடுத்த தடவை காரணம் ஈரம். அதோடு ஹாலில் கட்டியிருந்த துணிக்கொடி மாடிக்குப் போனது. கொடி போனால் துணியும் போக வேண்டாமா? வாளியோடு படி ஏறுவது நம்மவர் வேலையானது. காரணத்தைக் கண்டுபிடித்தவர்தானே அதைத் தீர்க்கவும் வேண்டும்?

இதற்கு நடுவில் ஒரு நாள் மச்சினன் போனில் வந்தான். மனைவி ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னக்கா, மறுபடியும் போயிடுச்சாமே? டிரைவர் எல்லாம் தானாப் போகாதுக்கா. யாராவது எடுத்தாத்தான் போகும்."

நம்மவருக்குக் குடித்த காப்பி மூக்கில் ஏறியது. இருமினார், செருமினார், முழி முழியென்று முழித்தார்.

மனைவி அவர் முதுகை மெல்லத் தட்டிக்கொடுத்தாள். "யார்றா எடுக்கப் போறாங்க? இருக்கறதே நாங்க ரெண்டு பேரு. உன் மாமா எவ்வளவு பாடுபட்டு ஒவ்வொரு காரணமாக் கண்டுபிடிக்கிறாரு, தெரியுமா?"

"அதுவும் சரிதான். மாமா, உங்க அளவுக்கு நமக்கு மூளை பத்தாது!"

நம்மவருக்கு உயிர் வந்தது. வெறும் உயிரா? மச்சினனே தோற்றுவிட்டான்! அன்றைக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு அவர் மாடி ஏறிய ஏற்றத்தைப் பார்க்க வேண்டும். வெற்றிக் கோப்பையை வாங்கப் போகிறவர்போல ஏறினார்.

ஒரு நாள் பக்கத்து வீட்டு டீச்சரே வந்து பார்த்தார். "அடேயப்பா, வீடு என்ன இப்படிப் பளபளக்குது!"

"எல்லாம் கம்ப்யூட்டருக்காகத்தான் டீச்சர்" என்றாள் மனைவி.

"எங்க வீட்டுக்காரரும் இருக்காரே..." என்று டீச்சர் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சில் நம்மவருடைய பழைய ஆணிக் குற்றம் அடியோடு கரைந்தது.

இதற்கு மேல் என்ன வேண்டும்? புகழ் போதும். முதுகும் போதும் என்றது. இனி டிரைவரைத் தொடுவதில்லை என்று நம்மவர் முடிவெடுத்தார். ஜெயித்த கையோடு ஓய்வு பெறுவதுதான் அழகு. அடுத்த ஞாயிறு காலையில் கால்களை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மனைவி குளிக்கப் போனாள். நம்மவர் கம்ப்யூட்டர் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்கவில்லை. அவள் திரும்பி வந்து கொஞ்ச நேரம் ஆல்பம் வேலை பார்த்தாள். அப்புறம் அந்தக் குரல் கேட்டது.

"ஏங்க! டிரைவர் போயிடுச்சுங்க!"

நம்மவர் துள்ளி எழுந்தார். "அதெப்படி? நான்தான் இன்னைக்கு..."

"இன்னைக்கு?"

அறை வாசலில் ஈரத் தலையில் துண்டோடு மனைவி நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் அப்படியொரு அப்பாவித்தனம்.

"இன்னைக்கு... நல்ல வெயில்னு சொல்ல வந்தேன்."

போய்ப் பார்த்தார். மஞ்சள் ஆச்சரியக்குறி நிஜமாகவே நின்றிருந்தது. தானாகப் போகாது, யாராவது எடுத்தால்தான் போகும். வீட்டில் இருப்பதோ இரண்டே பேர். அதில் ஒருவர் எடுக்கவில்லை என்பது நம்மவருக்கு மட்டும் நிச்சயமாகத் தெரியும். ஆனால் அதை வெளியே சொல்ல முடியுமா? சொன்னால், "சரி, இத்தனை நாளா யாருங்க எடுத்தது?" என்று ஒரு கேள்வி வரும். அதற்குப் புகார்ப் பிரிவிலேயே பதில் கிடையாது.

"என்ன காரணமா இருக்கும்?" என்றாள் மனைவி. "தூசி எடுத்தாச்சு. சூடும் இல்ல. ஈரம் மாடிக்கே போயிடுச்சு."

"வந்து..."

"நானே யோசிச்சுப் பாத்தேங்க. சுவர்தான். பாருங்க, தொட்டாலே பொடிப்பொடியா உதிருது. பெயின்ட் அடிச்சிட்டா டிரைவர் நிக்கும்னு தோணுது."

கதவுக்குப் பின்னால் பெயின்ட் டப்பாக்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. பிரஷ் இருந்தது. டீச்சர் வீட்டு ஏணிகூட வந்திருந்தது. நம்மவர் கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"பார்க்கிறோம்..."

அதற்குள் போன் அவள் காதில் இருந்தது. "தம்பி! உன் மாமா கண்டுபிடிச்சிட்டாருடா! சுவராம்! இன்னைக்கே முடிச்சிடறேங்கறாரு!"

"மாமா, நீங்க கில்லாடி மாமா!" என்று போன் வீடு முழுக்கக் கேட்கும்படி கத்தியது.

கில்லாடி ஏணி ஏறினார். ஹால் முடிந்தது. படுக்கையறை பாதி முடிந்தது. நீலம் காதோரம் வழிந்தது. அப்போதுதான் நம்மவருக்குச் சட்டென்று ஒரு தெம்பு வந்தது. ஆயிரம்தான் இருக்கட்டும், கடைசியில் டிரைவர் போட இந்த வீட்டில் இவரை விட்டால் வேறு யார்? பெரிய டம்ளர் இன்னும் கைநழுவிப் போய்விடவில்லை. ஏணி மேலிருந்தே கம்பீரமாகக் குரல் கொடுத்தார்.

"ஏம்மா, கொஞ்சம் பொறு. இறங்கி வந்து டிரைவரைப் போட்டுத் தர்றேன்."

பக்கத்து அறையிலிருந்து பதில் வந்தது.

"அதை நான் அப்பவே போட்டுட்டேங்க. ரெண்டு கிளிக்தானே? நீங்க இறங்காதீங்க, அந்த மூலை விட்டுப்போச்சு."